நோட்பேடை எதில் சேர்ப்பது

கால்குலேட்டர் நல்லது. நாங்கள் தட்டச்சு செய்கிற கீயிங் டூல் நல்லது, அதில் யோசிக்க ஒன்றுமில்லை, எங்களுக்குச் சோறு போடுவதே அதுதான். படம் பார்க்கிற சாஃப்ட்வேரும் நல்லது, ஏனென்றால் தட்டச்சு செய்ய வேண்டிய பக்கங்களெல்லாம் ஸ்கேன் படமாகத்தான் வருகின்றன. சீட்டுக்கட்டு விளையாட்டு கெட்டது, அதில் இரண்டு மணி நேரம் நாற்பது நிமிஷம் இருந்தது யார் என்று பார்த்தால் ஸ்கேனிங் பிரிவு பூபாலன், இருக்கட்டும், அவனை அப்புறம் வைத்துக்கொள்கிறேன். நாள்காட்டி இரண்டுமில்லை. ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் ஓடினவை மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு சின்னப் பெட்டி, அதைத் தட்டினால் மூன்று சொற்கள் விழுகின்றன: பயனுள்ளது, பயனற்றது, இரண்டுமில்லை. "எம்மா செண்பகவல்லி, ஒரு மணிக்குள்ள எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டுருங்க, ஒரு மணிக்கு அது தானா மார்க்கு போட்டு எனக்கு மெயில் அனுப்பிரும்," என்று சொல்லிவிட்டு மேனேஜர் கோயில்பிச்சை சார் பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் ஏதோ வேலையாகப் போய்விட்டார். அறுபதுக்குக் கீழே மார்க்கு வாங்குகிறவர்களை நாளை முதல் தூத்துக்குடி ரோட்டில் இருக்கிற இரண்டாம் யூனிட்டுக்கு மாற்றுவார்களாம். பதினோரு நாளாக எல்லாருடைய கம்ப்யூட்டரிலும் இந்தக் கண்காணிப்பு சாஃப்ட்வேர் உட்கார்ந்துகொண்டு, எந்த ஜன்னல் எத்தனை நிமிஷம் திறந்திருந்தது என்று எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. எது நல்லது எது கெட்டது என்று மட்டும் அதற்குத் தெரியாது. அதற்கு நான் வேண்டியிருக்கிறது. பிரிண்டர் நல்லது. எழுத்தைப் பெரிதாக்குகிற மேக்னிஃபையர் நல்லது, என் வயதுக்காரர்கள் நாலு பேர் அதை வைத்துத்தான் காலம் தள்ளுகிறோம். அடுத்தது நோட்பேட்.

நோட்பேடை இரண்டுமில்லையில் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கலாம். யாருக்கு அது பெரிய விஷயம். ஆனால் பக்கத்தில் இருக்கிற எண்ணைப் பார்த்துவிட்டேன், முப்பத்தாறு மணி நேரம் சொச்சம். முப்பத்தாறா? எங்கள் வேலைக்கும் நோட்பேடுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லையே. எண்ணைத் தட்டினால் ஆட்களின் பெயர் வரும். பெரும்பாலானவர்கள் ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், தெரியாமல் திறந்து மூடியவர்கள். அவர்களுக்கு மேலே இரண்டே இரண்டு பேர். ஹெப்சிபா, பத்தொன்பது மணி. பிரம்மசக்தி, பதினேழு மணி. அதற்கும் கீழே, திறந்திருந்த ஃபைலின் பெயர்: பழைய பேக்கப் 2. என் கை மவுஸை விட்டுவிட்டது. அந்தப் பெயரை வைத்தது நான். எவனும் திறந்து பார்க்கவே தோன்றாதபடி ஒரு பெயர் வேண்டும் என்று யோசித்து, சும்மா பேக்கப் என்றால்கூட எவனாவது பார்ப்பான், பழைய பேக்கப் என்றால் பாதிப் பேர் பார்க்க மாட்டார்கள், இரண்டு என்று போட்டுவிட்டால் ஒருத்தனும் பார்க்க மாட்டான் என்று கணக்குப் போட்டு வைத்த பெயர். பதினோரு வருஷம் ஒருத்தனும் பார்க்கவில்லை.

எங்கள் கம்பெனியில் ஒரு பக்கத்தை இரண்டு பேர் தட்டச்சு செய்வோம். ஒரே பக்கம், ஒருத்தி அடிப்பது இன்னொருத்திக்குத் தெரியாது. அப்புறம் இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து கம்ப்யூட்டர் ஒப்பிட்டுப் பார்க்கும். மாறியிருக்கிற இடத்தில் மட்டும் சிவப்பு விழும். அதைச் சூப்பர்வைசர் பார்த்து எது சரி என்று முடிவு செய்வார். இரண்டு பேரும் ஒரே மாதிரி அடித்திருந்தால் அது சரிதான் என்று அர்த்தம். வெளிநாட்டுத் தேவாலயங்களில் நூறு நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் எழுதி வைத்த பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாம் இங்கே பாளையங்கோட்டையில் மாடியில் உட்கார்ந்து நாங்கள் அடிக்கிறோம். அந்த இரண்டு பேருக்கு ஆபீஸில் ஜோடி என்று பேர். நானும் ஹெப்சிபாவும் பதினோரு வருஷம் ஜோடி. எங்கள் மாறுபாடு ஆயிரத்துக்கு மூன்று, ஆபீஸிலேயே குறைவு. ஒரு தடவை இதே பெருமைதான் எங்களைக் கவிழ்த்தது. ஒரு பதிவேட்டில் எல்லன் என்று ஒரு பெண் குழந்தையின் பெயர். குமாஸ்தா எழுதின எழுத்தை நானும் ஆலன் என்று படித்தேன், அவளும் ஆலன் என்று படித்தாள். ஒரு சிவப்பும் விழவில்லை. அந்தக் கையெழுத்தில் நாற்பது பக்கம், வருகிற எல்லனையெல்லாம் இரண்டு பேருமாகச் சேர்ந்து ஆண்பிள்ளை ஆக்கிவிட்டோம். வேலை கொடுத்த வெளிநாட்டுக்காரர்கள் கண்டுபிடித்து எழுதினார்கள். சார் கூப்பிட்டுக் கத்தினார், நாங்கள் இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றோம், வெளியே வந்ததும் ஹெப்சிபா, "சிரிக்காதியக்கா, சிரிச்சா நானும் சிரிச்சிருவேன்," என்றாள், அவ்வளவுதான், பாத்ரூமில் போய் நின்றுகொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். ஒரே தப்பை ஒரே மாதிரி செய்கிற அளவுக்கு இரண்டு பேர் ஆகிப்போவது லேசில் நடக்கிற காரியமா. என் வீட்டுக்காரருக்கும் எனக்கும் இருபத்து மூன்று வருஷமாகியும் காப்பிக்கு எத்தனை சர்க்கரை என்பதில் ஒத்துப்போகவில்லை.

ஃபோனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். பேனா கிடையாது, காகிதம் கிடையாது, பக்கத்து சீட்டுக்காரியிடம் பேசினால் கேமராவில் வாய் அசைவது தெரியும். எட்டு மணி நேரம் செத்தவர்கள் பெயரை அடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு இருப்பதென்றால் எப்படி. அதனால்தான் நோட்பேட். பொது டிரைவில் ஒரு ஃபைல். நான் திறந்து ஒரு வரி எழுதி சேமித்து மூடுவேன். மூடிவிட்டு மேஜையில் நகத்தால் இரண்டு தட்டு. அவள் திறந்து படித்து பதில் எழுதி மூடி இரண்டு தட்டு. சாயங்காலம் கிளம்பும்போது முழுக்க அழித்துவிடுவோம். என்ன பெரிய ரகசியம் எழுதிவிட்டோம். அவள் மாமியார் மீன் குழம்பில் தேங்காய் அரைத்து விடுவதா வேண்டாமா என்று சண்டை பிடித்தது, என் மகன் பிளஸ் டூவில் கணக்கில் கோட்டை விட்டது, அவளுக்குக் கருப்பையில் கட்டி இருக்கிறது என்று டாக்டர் சொன்னது. அதை அவள் அம்மாவுக்குச் சொல்வதற்கு முன்னால் எனக்குத்தான் எழுதினாள். ஒரு வரி. நான் பதிலுக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல், நான் இருக்கேம்ட்டி, என்று மட்டும் எழுதினேன், இரண்டு தடவை தட்டினேன், அப்புறம் தட்டிக்கொண்டே இருந்தேன். இதெல்லாம் நடந்த ஃபைல் அது. அதைத் தூக்கி அந்தப் பிரம்மசக்திக்கு, இருபத்து நாலு வயசுப் பிள்ளைக்கு, கொடுத்திருக்கிறாள்.

சரி, நான்தானே அவள் பக்கத்து சீட்டை விட்டு எழுந்து வந்தேன். ஏப்ரலில் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். இரண்டாயிரத்து ஐநூறு கூட, இந்தக் கண்ணாடி அறை, சுழல் நாற்காலி. நான் போய் ஹெப்சிபாவிடம் சொன்னபோது ஒரு நிமிஷமாவது அவள் முகம் வாடும் என்று எதிர்பார்த்தேன், பொய் சொல்லவில்லை, எதிர்பார்த்தேன், அந்த வாட்டத்தைப் பார்த்துவிட்டு, "அழாதட்டி, இங்கனதானே இருக்கேன்," என்று சொல்லுவதற்குத் தயாராகப் போயிருந்தேன். அவள், "சூப்பர்க்கா! எப்பமோ குடுத்திருக்கணும் உங்களுக்கு!" என்று கட்டிப்பிடித்துக்கொண்டாள். மறுநாள் எல்லாருக்கும் அல்வா வாங்கிக்கொண்டு வந்ததும் அவள்தான். நல்லவள். அதுதான் எரிச்சல். அந்த வாரமே பிரம்மசக்தியை அவளுக்கு ஜோடியாகப் போட்டார்கள். திசையன்விளைக்காரி, நெற்றியில் துளியூண்டு சாந்து, சிரித்தால் ஈறு தெரியும், வேகமாக அடிப்பாள், எல்லாவற்றுக்கும் "அப்படியாக்கா?" என்பாள். நான் உள்ளூர நினைத்தேன், பாவம் ஹெப்சி, இந்தக் குருவியை வைத்துக்கொண்டு என்ன பாடு படப்போகிறாள், சிவப்பாய் விழும், என்னிடம் வந்து புலம்புவாள் என்று. ஒரு மாதத்தில் ஆயிரத்துக்கு ஏழு. இரண்டாம் மாதம் ஐந்து. இப்போது நாலு. நாங்கள் நாலுக்கு வர ஆறு வருஷம் ஆனது. மாதக் கடைசியில் அந்த எண்ணை ரிப்போர்ட்டில் நான்தான் என் கையால் அடிக்க வேண்டியிருக்கிறது, அடிக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. எனக்குப் பொறாமை. சொல்லிவிட்டேன். நாற்பத்தேழு வயதில், சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு, கல்லூரிக்குப் போகிற மகனை வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சுக்காரி வேறொருத்தியோடு இன்டர்வெலுக்குப் போய்விட்டால் வருமே அதே பொறாமை.

இங்கிருந்து பார்த்தால் அவர்களுடைய முதுகுகள்தான் தெரியும். ஹெப்சிபா இன்றைக்கு அந்த மயில் கழுத்து நிறச் சுடிதார், அது நான் ஆரெம்கேவியில் எடுத்துக் கொடுத்தது, அவள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல. பக்கத்தில் சக்தியின் ஒற்றைப் பின்னல். இதோ, ஹெப்சியின் வலது கை கீபோர்டை விட்டு இறங்குகிறது, விரல் மேஜையில் இரண்டு தடவை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எனக்குச் சத்தம் கேட்காது, கேட்டுவிட்டது போல இருக்கிறது. சக்தியின் பின்னல் குலுங்குகிறது. என்ன எழுதினாள்? என்னைப் பற்றியா? கண்ணாடிக்குள்ள மீன் மாதிரி உக்காந்திருக்கு பாரு என்றா? எழுதியிருப்பாள். நானும் அவளும் பழைய சூப்பர்வைசரை எழுதாததா. நாலு மாதமாகத் தினம் இந்த இரண்டு முதுகையும் பார்த்துக்கொண்டு, அவர்கள் சாப்பிடப் போகும்போது மட்டும் ஏதோ வேலை இருக்கிற மாதிரி ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டு, "அக்கா வாரியளா சாப்பிட?" என்று அவள் கேட்டால், "நீங்க போங்கட்டி, எனக்கு ரிப்போர்ட் இருக்கு," என்று சொல்லிவிட்டு, அப்புறம் தனியாக டப்பாவைத் திறந்துகொண்டு, ஏன் இரண்டாவது தடவை கேட்கவில்லை என்று மனசுக்குள் கறுவிக்கொண்டு இருக்கிறேன். அவள் இரண்டாவது தடவை கேட்டிருந்தால் போயிருப்பேன்.

இப்போது பெட்டியைத் தட்டுகிறேன். பயனற்றது. சும்மா பார்ப்போம் என்றுதான். இந்தச் சாஃப்ட்வேரில் முன்னோட்டம் என்று ஒன்று இருக்கிறது, சேமிப்பதற்கு முன்னாலேயே யார் யாருக்கு எவ்வளவு மார்க்கு வரும் என்று காட்டிவிடும். ஹெப்சிபா ஐம்பத்தேழு. பிரம்மசக்தி ஐம்பத்தெட்டு. இரண்டும் சிவப்பு. இரண்டு பேரும் இரண்டாம் யூனிட்டுக்கு, அங்கே ஜோடி கிடையாது, ஒற்றை ஆளாகக் கொரியர் ரசீது அடிக்கிற வேலை. நான் ஒரு சொல்லை மாற்றினால் போதும். யாரும் என்னை ஒன்றும் கேட்க முடியாது, கேட்டால் நியாயமும் இருக்கிறது, சரியான நியாயம்: ஜோடி இரண்டு பேரும் பேசிக்கொள்ளக் கூடாது என்பது சட்டம், பேசிப் பேசி ஒரே மாதிரி படித்தால் ஒரே மாதிரி தப்பு வரும், இன்னொரு எல்லன் ஆலன் ஆவாள், சூப்பர்வைசராக அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது என் வேலைக்கே துரோகம். அடேயப்பா. எவ்வளவு அழகாக வருகிறது நியாயம். இதே நியாயம் பதினோரு வருஷம் எங்கே போயிருந்தது செண்பகவல்லி? பெட்டியைத் தட்டுகிறேன். பயனுள்ளது. எழுபத்தெட்டு, எழுபத்தேழு, இரண்டும் பச்சை. பயனற்றது, சிவப்பு. பயனுள்ளது, பச்சை. ஒரு சொல்லுக்கு இரண்டு முதுகும் ஆடுகிற மாதிரி இருக்கிறது. ஹெப்சிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும் தூத்துக்குடி ரோட்டுக்கு. ஆபரேஷன் ஆனவள். நெட்டில் போனால்தான் இந்தச் சாஃப்ட்வேர் பார்க்கும் என்று இங்கே எல்லாரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள், அவளும் அப்படித்தான் நம்பியிருப்பாள், இல்லாவிட்டால் திறந்தே இருக்க மாட்டாள். மணி பன்னிரண்டரை. மிச்சம் இருக்கிற எழுபதைக் கடகடவென்று தட்டிவிட்டேன், எது எதில் விழுந்ததோ. நோட்பேட் மட்டும் அப்படியே நிற்கிறது.

பார்த்துவிட்டு முடிவு செய்வோம். பார்ப்பது தப்பில்லை, பொது டிரைவ், பார்க்காமல் முடிவு செய்வதுதான் தப்பு. திறந்தேன். இவர்கள் சாயங்காலம் அழிப்பதுகூட இல்லை, பயம் விட்டுப்போய்விட்டது, பதினைந்து நாள் பேச்சு அப்படியே கிடக்கிறது. முதலில் என் பெயரைத் தேடினேன். செண்பகம், இல்லை. அக்கா என்று தேடினால் வரிக்கு வரி வருகிறது, ஆனால் எல்லாம் சக்தி ஹெப்சியைக் கூப்பிடுகிற அக்கா. சூப்பர்வைசர், இல்லை. கண்ணாடி, இல்லை. மேலிருந்து கீழே வரை படித்தேன். என்னைத் திட்டவில்லை, கேலி செய்யவில்லை, ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை, திட்டுவதற்காகவாவது நினைத்திருக்கிறாள் என்று இருக்கும். சக்திக்கு வரன் வந்திருக்கிறது, பையன் ஃபோட்டோவில் கூலிங் கிளாஸ் போட்டிருக்கிறானாம். ஹெப்சி எழுதியிருக்கிறாள்: கண்ணைக் காட்டாதவனுக்குக் கழுத்தை நீட்டாதட்டி. இது நான் சொல்லுவது! என் சித்தி மகளுக்கு நான் சொன்னதை ஹெப்சியிடம் எழுதியிருந்தேன். படிக்கப் படிக்க, அவள் சிரிக்க வைக்கிற இடமெல்லாம் நான் சிரிக்க வைத்த இடம். அப்புறம் நேற்றைக்கு எழுதினது வந்தது. கோணல்மாணலாக எழுதுகிற ஒரு பழைய குமாஸ்தாவின் பக்கங்கள் வந்திருக்கின்றன போல. ஹெப்சி எழுதுகிறாள்: வந்துட்டான் பாரு நம்ம கோழிக்கால். சக்தி: ஹஹஹ கோழிக்கால் ஆஅஅ, யாருக்கா பேரு வெச்சது? ஹெப்சி: நான்தான்.

நான்தான். அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கோழிக்கால் என்று பெயர் வைத்தது நான். மழை பெய்து கரன்ட் போய் ஜெனரேட்டர் ஓடின ஒரு நாளில், அந்த எழுத்தைப் பார்த்துவிட்டு, ஏட்டி இது மனுஷன் எழுதினதா கோழி கிளறினதா என்று நான் எழுதி, அவள் சிரிப்பை அடக்க முடியாமல் இருமுகிற மாதிரி நடித்து, அன்றையிலிருந்து அவன் கோழிக்கால். அவளுக்கு மறந்திருக்குமா? மறந்திருந்தால் ஒரு வேதனை, ஞாபகம் இருந்தும் எழுதியிருந்தால் இன்னொரு வேதனை. செண்பகம் அக்கா வெச்ச பேருட்டி என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும். அழுகை வந்துவிடும் போல இருந்தது. மணி பன்னிரண்டு நாற்பத்தெட்டு. அப்போதுதான் எனக்கே என்னைப் பார்க்கச் சகிக்கவில்லை. செத்துப்போன ஒரு வெள்ளைக்காரக் குமாஸ்தாவுக்கு வைத்த பட்டப்பெயருக்காக ஒருத்தியை இரண்டு பஸ் ஏற விடுவதா. சீ என்று இருந்தது. பெட்டியைத் தட்டினேன். பயனுள்ளது. சேமி என்பதை அழுத்தினேன். நிச்சயமாகத்தானா என்று அது கேட்டது, ஆமாம் என்றேன், நூற்றுப் பன்னிரண்டும் சேமிக்கப்பட்டன என்றது. பச்சை. எழுந்து தண்ணீர் குடித்தேன். உடம்பே லேசானது போல இருந்தது. பெரிய மனசு பண்ணிவிட்டேன் அல்லவா, இனி யாரும் என்னை ஒன்றும் சொல்ல முடியாது, இப்படியே லாக்கரைத் திறந்து சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அவர்களோடு போய் உட்கார்ந்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

நாற்காலிக்கு வந்தால் ஃபைல் இன்னும் திறந்தே இருக்கிறது. நான்தான் என்ற சொல்லுக்குக் கீழே ஏழெட்டு வரி தள்ளி, காலி இடத்தில் கர்சர் விட்டுவிட்டு மின்னுகிறது. மூட வேண்டியதுதான். கை மூடப் போனது, சத்தியமாக மூடத்தான் போனது, பதினோரு வருஷம் அந்த இடத்தில் கர்சர் மின்னினால் எழுதிப் பழகின கை. கோழிக்கால்னு பேர் வெச்சது நான். அவ்வளவுதான் எழுதினேன். சேமித்து மூடினேன். விளையாட்டாகத்தான். ஹெப்சி பார்ப்பாள், அய்யோ அக்கா என்று திரும்பி இங்கே பார்த்துச் சிரிப்பாள், நான் இங்கிருந்து விரலை ஆட்டி மிரட்டுவேன், சக்தியும் திரும்பி ஈறு தெரியச் சிரிப்பாள், மூன்று பேருமாக எழுதலாமே, யார் வேண்டாம் என்றது. இதெல்லாம் எழுதி முடித்த அந்த ஒரு நிமிஷத்தில் நான் கண்ட கனவு. என் வரியை ஹெப்சியுடையது என்று நினைத்தாளோ என்னவோ, சக்தி இரண்டு தட்டு தட்டினாள். ஹெப்சி திறந்தாள். எனக்கு முதுகுதான் தெரியும் என்றேனே, முதுகே போதும். கீபோர்டில் இருந்த இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். திரும்பவில்லை. நான் திரும்புவாள் திரும்புவாள் என்று முகத்தைச் சிரிப்பாக வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் சக்தியின் பக்கம் தலையைச் சாய்த்து ஏதோ சொன்னாள், கேமராவுக்கே பயப்படாமல் வாயால். சக்தியின் பின்னல் நிமிர்ந்து விறைத்தது. நான் எத்தனை நாளாகப் பார்க்கிறேன் என்று சக்தி கேட்டிருப்பாள். என்னென்ன படித்தேன் என்று கேட்டிருப்பாள், வரன், கூலிங் கிளாஸ், எல்லாம். இன்னைக்குத்தாம்ட்டி பார்த்தேன், ஒரே ஒரு தடவை, உங்களுக்காகத்தான் பார்த்தேன் என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து எப்படிச் சொல்வது. பொது டிரைவைத் திறந்தேன். பழைய பேக்கப் 1 இருக்கிறது, மூன்று இருக்கிறது. இரண்டைக் காணவில்லை.

ஒரு மணிக்கு மார்க்கு வந்தது. ஹெப்சிபா எழுபத்தெட்டு. பிரம்மசக்தி எழுபத்தேழு. சாரிடமிருந்து, வெரி குட்மா, என்று பதிலும் வந்தது. கண்ணாடிக் கதவில் யாரோ தட்டினார்கள். இரண்டு தட்டு இல்லை, ஒன்று. பதினோரு வருஷத்தில் அவள் எந்தக் கதவையும் தட்டிவிட்டு என்னிடம் வந்ததில்லை. உள்ளே வராமல் வாசலிலேயே, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். முகத்தில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் பிடித்துக்கொண்டு தொங்கியிருப்பேன்.

"நாப்பத்தஞ்சு பேஜும் முடிஞ்சிட்டு மேடம். பாத்துட்டு அனுப்பிருங்க."

"ஏட்டி ஹெப்சி, என்ன மேடங்கே?" என்றேன். "சாப்பிட்டியா?"

"இனிமேத்தான் மேடம்," என்று சொல்லிவிட்டு, நான் இன்னும் ஏதாவது சொல்கிறேனா என்று மரியாதையாக ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.